ஒரே அளவு வெட்டுகள், வெவ்வேறு உணர்வு: இசைக் காணொளிகளை எதைக் கொண்டு அளப்பது?

நிழல்வரி (கேள்வி)

வணக்கம். வெவ்வேறு இசை வகைகளைச் சேர்ந்த காணொளிகளின் ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடனப் பாப், ஹிப்-ஹாப், மெட்டல், எலக்ட்ரானிக், மெதுவாகச் செல்லும் தனிக்குரல் பாடல் என ஐந்து வகைகளிலிருந்தும் ஒவ்வொரு காணொளியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷாட்டும் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே வெட்டின்றி ஓடும் படத்துண்டு) எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது, அது அண்மையிலிருந்து காட்டும் க்ளோசப்பா, முழு இடத்தையும் காட்டும் வைட் ஷாட்டா, கேமரா நகர்கிறதா நிற்கிறதா என்பவற்றையெல்லாம் அட்டவணையில் பதிந்து வந்தேன். இரண்டு வாரம் பிடித்தது. மொத்த நீளத்தை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சராசரியே வகைக்கு வகை உள்ள வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எண்ணியிருந்தேன்.

அது நடக்கவில்லை. நடனப் பாப் காணொளிக்கும் மெட்டல் காணொளிக்கும் சராசரி ஷாட் நீளம் ஏறத்தாழ 2 நொடி என்றே வருகிறது. ஆனால் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் வெட்டு எங்கே நிகழ்ந்தது என்பதே தெரியாமல் படம் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் ஒவ்வொரு வெட்டும் முகத்தில் அறைகிறது. எண் ஒன்றாக இருக்க உணர்வு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு என் அட்டவணையில் விடை இல்லை.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. பாடல் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதப் புகும்போதெல்லாம் ‘வரிகளுக்கு ஏற்ற காட்சி’, ‘வரிகளோடு தொடர்பில்லாத காட்சி’ என்ற இரண்டு பெட்டிகளுக்கு மேல் என்னால் போக முடியவில்லை. எலக்ட்ரானிக் காணொளியில் வரிகளே கிடையாது என்பதால் அங்கே இந்தப் பெட்டிகளும் பயன்படவில்லை. அட்டவணையில் வேறு எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று தொகுப்பிலும் ஒளிப்பதிவிலும் பழக்கம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வெட்டுகளைத் தானாக எண்ணித் தரும் மென்பொருள்களை நம்பலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தொகுப்புமேசை

நல்ல இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். சராசரி ஷாட் நீளம் என்ற அளவுகோலைத் திரைப்பட ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பேரி சால்ட். 1970களில் அவர் அதைக் கையாண்டது முழுநீளத் திரைப்படங்களை ஒப்பிடுவதற்காக. நூற்றுக்கணக்கான ஷாட்டுகள் கொண்ட படத்தில் ஒன்றிரண்டு நீண்ட ஷாட்டுகள் கணக்கைக் குலைத்துவிடாது. 4 நிமிடக் காணொளியில் குலைத்துவிடும். ஒன்றில் 2, 2, 2, 2 நொடி என நான்கு ஷாட்டுகள். மற்றொன்றில் 1, 1, 1, 5 நொடி என நான்கு ஷாட்டுகள். இரண்டுக்கும் சராசரி 2 நொடிதான். முன்னது நடை, பின்னது மூன்று குத்தும் ஒரு மூச்சும். ஆகவே சராசரியோடு இடைநிலை அளவையும் (நீளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது) எழுதுங்கள். அதைவிட நல்லது, ஷாட் நீளங்களை வரிசையாக ஒரு பட்டை வரைபடமாக வரைந்து பார்ப்பது. பல்லவிக்கு வரும்போது பட்டைகள் குட்டையாகின்றனவா, இடையிசையில் நீள்கின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் புதிருக்கு விடை அதில் முழுமையாக இல்லை. நீங்கள் அட்டவணையில் சேர்க்க வேண்டிய பத்தி (நெடுவரிசை) ஒன்று உண்டு: தாளத்தின் அடியைப் படத்தில் தாங்குவது எது? நடனக் காணொளியில் பெரும்பாலும் உடல் தாங்குகிறது. கால் தரையைத் தொடுவது, தோள் வெட்டுவது, தலை திரும்புவது ஆகியவை அடியில் விழுகின்றன. வெட்டோ இரண்டு அடிகளுக்கு இடையில், அசைவின் நடுவே ஒளிந்துகொள்கிறது. கை மேலே போகத் தொடங்குவது ஒரு ஷாட்டிலும் அது உச்சியை எட்டுவது அடுத்த ஷாட்டிலும் இருக்கும். கண் கையைத் தொடர்ந்து போவதால் வெட்டைக் கவனிப்பதில்லை. மெட்டல் காணொளியில் வெட்டே அடியாகிவிடுகிறது. ஸ்நேர் (கூர்மையான ஒலி தரும் டிரம்) விழும் கணத்தில் கிதார் தந்தியின் க்ளோசப்பிலிருந்து முழு மேடைக்குப் படம் தாவும். அடுத்த ஸ்நேரில் பாடகரின் திறந்த வாய். அசைவுத் தொடர்ச்சி எதுவும் அந்தத் தாவலுக்கு மெத்தை போடுவதில்லை. முகத்தில் அறைவதாக நீங்கள் எழுதியது இதைத்தான்.

இதைச் சரிபார்க்க ஃப்ரேம் (காணொளியை ஆக்கும் ஒவ்வொரு தனிப்படம்) கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாடலில் ஓர் அடி அரை நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் அடிக்குச் சரியாக 12 ஃப்ரேம். எல்லாப் பாடல்களும் இவ்வளவு இணக்கமாக இருப்பதில்லை. 128 அடி ஓடும் பாடலில் ஓர் அடி 11.25 ஃப்ரேம். கால் ஃப்ரேமில் யாராலும் வெட்ட முடியாது. சரி, 11 என்றே வைத்துக்கொள்வோம் என்று அடிக்கு ஒரு வெட்டாக அடுக்கிக்கொண்டே போனால், நான்கு அடிக்கு ஒரு ஃப்ரேம் வீதம் படம் முந்திக்கொண்டு, 64 அடி கழித்து, அதாவது 30 நொடியில், 16 ஃப்ரேம் பிசகியிருக்கும்; அது ஓர் அடிக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், நான்கு அடி கொண்ட ஒரு சுற்று மிகச் சரியாக 45 ஃப்ரேமில் முடிகிறது. அதனால்தான் தொகுப்பாளர்கள் ஃப்ரேமை எண்ணிக்கொண்டிருக்காமல், ஒலி அலையைப் பார்த்து அடிகளில் குறியிட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். நீங்களும் முதலில் பாடலை மட்டும் கேட்டு அடிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு வெட்டுகள் அக்குறிகளிலிருந்து எத்தனை ஃப்ரேம் தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். பல வெட்டுகள் அடிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னதாக நிற்பதைக் காண்பீர்கள். அது பிழை அன்று. புதிய படத்தைக் கண் வாங்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், அடியின் மீதே வைத்த வெட்டு சில வேளைகளில் தாமதமாக வந்தது போலத் தோன்றும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இசைக்குழுவின் பாடலை அடிக்கு ஓர் வெட்டாகத் தொகுத்து மிகுந்த பெருமையோடு போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, “எனக்குப் பக்கத்தில் இன்னொரு டிரம்மரை உட்கார வைத்துவிட்டீர்கள்” என்றார் அவர்களுடைய டிரம்மர். பாராட்டுகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். கொரிய பாப் குழுக்கள் ஒரு பாடலுக்கு முதன்மைக் காணொளியோடு நடனப் பயிற்சிக் காணொளி ஒன்றையும் தனியே வெளியிடுவது வழக்கம். அதே பாடல், அதே நடனம், ஆனால் நிலையான கேமரா, பெரும்பாலும் வெட்டில்லாத ஒரே ஷாட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சிக் காணொளியில் எப்போதும் கண்ணில் படும் எந்த அசைவை முதன்மைக் காணொளி வெட்டி மறைக்கிறது, எதை க்ளோசப்பில் பெரிதாக்குகிறது என்பதைப் பட்டியலிட்டால் தொகுப்பாளரின் முடிவுகள் ஒவ்வொன்றும் கையில் கிடைத்துவிடும்.

மென்பொருளைப் பற்றி: டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் வெட்டுகளைக் கண்டறியும் வசதி இருக்கிறது, தொடக்க வேலைக்குப் போதும். ஆனால் மேடையில் பளிச்சிடும் விளக்கை வெட்டு என்று எண்ணும். ஒரு படம் மங்கி மறைய அடுத்தது மெல்லத் தோன்றும் டிசால்வைத் தவறவிடும். மெட்டல் காணொளியில் முதல் பிழையும், மெதுவான பாடலில் இரண்டாம் பிழையும் மலியும் என்பதால் உங்கள் ஒப்பீடே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மென்பொருள் தந்த ஒவ்வொரு வெட்டையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தாளக்கட்டு

மேலே உள்ளவர் சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்கிறேன். அவர் அடியைப் பற்றி மட்டுமே பேசினார். இசை அடிகளால் மட்டும் ஆனதன்று.

நம் தாள மரபில் எடுப்பு என்ற கருத்து இருக்கிறது. தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டும் தொடங்கினால் சம எடுப்பு. தாளத்துக்கு முன்பே பாட்டு புறப்பட்டுவிட்டால் அதீத எடுப்பு. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு வந்து சேர்ந்தால் அநாகத எடுப்பு. வெட்டுகளைப் பகுக்க இதைவிடப் பொருத்தமான சொற்கள் வேறு எந்த மரபிலும் எனக்குத் தென்படவில்லை. சுற்று தொடங்குவதற்கு அரை அடி முன்பே பாடகரின் முகத்துக்கு வந்துவிடும் வெட்டு, அவர் மூச்சை இழுப்பதைக் காட்டுகிறது. பாடப் போகிறார் என்று நாம் ஆயத்தமாகிவிடுகிறோம். முதல் சொல் ஒலித்த பிறகு முகத்துக்கு வரும் வெட்டோ குரல் யாருடையது என்று நம்மை ஒரு கணம் தேட வைக்கிறது. இரண்டும் அடியிலிருந்து ஒரே அளவு விலகி இருக்கலாம், விளைவு நேர்மாறு. எனவே விலகலின் அளவோடு, அது முன்னா பின்னா என்பதையும், அடியிலிருந்தா சொற்றொடரிலிருந்தா என்பதையும் பதியுங்கள். ஹிப்-ஹாப்பில் சொல் தாளத்துக்கு முன்னும் பின்னும் நழுவிக்கொண்டே இருக்கும். தொகுப்பு டிரம்மைப் பிடித்துக்கொள்கிறதா சொல்லைப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். சொல்லைப் பிடித்துக்கொள்ளும் காணொளிகளே பெரும்பாலும் நினைவில் நிற்கின்றன என்பது என் கருத்து.

வரிக்கும் படத்துக்குமான உறவுக்கு ஆண்ட்ரூ குட்வின் 1992இல் முன்வைத்த மூன்று வகைப் பிரிவு உங்கள் இரண்டு பெட்டிகளைவிட உதவும். வரி சொல்வதையே படம் காட்டுவது ஒன்று. வரியில் இல்லாத பொருளைச் சேர்த்து அதைப் பெருக்கிக் காட்டுவது இரண்டு. வரியிலிருந்து முற்றிலும் விலகி நிற்பது மூன்று. நடுவில் உள்ள பெருக்கல்தான் உங்களிடம் இல்லாத பெட்டி. பல நல்ல காணொளிகள் அங்கேதான் வாழ்கின்றன.

வரிகளே இல்லாத, அல்லது ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் எலக்ட்ரானிக் இசைக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: இசையின் எந்தக் கருவிக்குப் படத்தின் எந்தப் பொருள் ஈடாக நிற்கிறது? டாஃப்ட் பங்கின் ‘அரவுண்ட் தி வேர்ல்டு’ பாடலுக்கு 1997இல் மிஷேல் கோந்த்ரி இயக்கிய காணொளி இதற்குத் தெளிவான பாடம். அதில் ஒவ்வொரு நடனக் குழுவும் ஒரு கருவி. எந்திர மனிதர்கள் குரலுக்கு, எலும்புக்கூடுகள் கிதாருக்கு, துணி சுற்றிய மம்மிகள் டிரம் ஒலிக்கு, நீச்சல் உடைப் பெண்கள் கீபோர்டுக்கு. பேஸ் கிதாரின் சுரம் ஏறி இறங்கும்போது அதற்குரியவர்கள் படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். கண்ணால் பார்க்கும் இசைக் குறிப்பு அது. அதே இயக்குநர் 2002இல் கெமிக்கல் பிரதர்சின் ‘ஸ்டார் கிதார்’ பாடலுக்குச் செய்தது இன்னும் துணிச்சலானது. ஓடும் ரயிலின் சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி மட்டுமே. வெட்டு என்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கம்பங்களும் கட்டடங்களும் எதிர்த் தண்டவாளத்து வண்டிகளும் தாளத்தின் கூறுகளோடு ஒன்றிக் கடந்து போகின்றன. உங்கள் அட்டவணையில் அந்தக் காணொளிக்கு ஷாட் எண்ணிக்கை 1 என்று வரும். அந்த எண் அதைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

ஒளிக்கூடு

படத்தொகுப்பில் நிகழ்ந்ததாக நீங்கள் எண்ணுபவற்றில் கணிசமான பகுதி படப்பிடிப்பிலேயே முடிவாகிவிட்டது என்பதை ஒளிப்பதிவாளன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. (தொகுப்பாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

முதலில் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் திறப்பு. அதன் அகலத்தைப் பாகையில் சொல்வார்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் வழக்கமான 180 பாகை ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 நொடி ஒளி வாங்குகிறது. அதற்குள் நகரும் பொருள் சற்றே கலங்கிப் பதிகிறது, அந்தக் கலங்கலே அசைவை வழவழப்பாக்குகிறது. ஷட்டரை 45 பாகைக்குக் குறைத்தால் 1/192 நொடி. கலங்கல் போய்விடும், ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாக, தனித்தனியாக நிற்கும், அசைவு வெடுக்வெடுக்கென்று இருக்கும். மெட்டல் காணொளிகளில் இந்தக் குறுகிய ஷட்டரை அடிக்கடி காணலாம். உங்கள் காணொளியில் டிரம் குச்சி இறங்கும் இடத்தில் நிறுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். யூடியூபில் நிறுத்திய நிலையில் காற்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் பின்னுக்கும், முற்றுப்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் முன்னுக்கும் கொண்டுபோகும். குச்சி விசிறி போல விரிந்து தெரிந்தால் அகன்ற ஷட்டர். முனை வரை ஒழுங்கான குச்சியாகத் தெரிந்தால் குறுகிய ஷட்டர். முகத்தில் அறையும் உணர்வில் பாதி இங்கிருந்து வந்திருக்கலாம். வெட்டே இல்லாத ஷாட்டிலும் அது இருக்கும்.

அடுத்து லென்ஸ். 1990களின் பிற்பகுதியில் ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய ஹிப்-ஹாப் காணொளிகளால் காட்சியை மிக அகலமாக, வளைத்துக் காட்டும் ஃபிஷ் ஐ லென்ஸ் அந்த இசை வகையின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. அதை வெறும் அலங்காரம் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அகன்ற லென்சில், பாடுபவர் ஓரடி முன்னால் வந்தாலே முகம் திரையை நிறைத்துவிடும். ஓரடி பின்னால் போனால் முழு உடலும் தெரியும். கையை நீட்டினால் கை தலையைவிடப் பெரிதாகும். அதாவது வைட் ஷாட்டிலிருந்து க்ளோசப்புக்குப் போக வெட்டு தேவையில்லை, பாடுபவரே தம் தாளத்துக்கு ஏற்ப அந்த மாற்றத்தைச் செய்துகொள்கிறார். இத்தகைய ஷாட்டை அட்டவணையில் ‘வைட்’ என்றோ ‘க்ளோசப்’ என்றோ ஒரே சொல்லில் அடைத்தால் நடந்தது முழுவதும் நழுவிவிடும். ஷாட்டின் தொடக்க அளவு, இறுதி அளவு, இடையில் எத்தனை முறை மாறியது என மூன்றாகப் பதியுங்கள்.

மூன்றாவது, வேகம். உதடு பாடலோடு சரியாகப் பொருந்தியிருக்க, தலைமுடியும் உடையும் தண்ணீரில் மிதப்பது போல மெதுவாக அசைவதைக் கண்டிருப்பீர்கள். படப்பிடிப்பில் பாடலை 1.5 மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரை அந்த வேகத்துக்கு வாயசைக்கச் சொல்லி, நொடிக்கு 36 ஃப்ரேமில் பதிவு செய்து 24இல் ஓட்டுவார்கள். உதடு இயல்புக்குத் திரும்பிவிடும், மற்றதெல்லாம் மெதுவாகிவிடும். இரண்டு மடங்கு வேகத்துக்கு 48 ஃப்ரேம் வேண்டும். சொற்கள் நெருக்கமாக உள்ள பாடலில் அந்த வேகத்துக்கு வாயசைப்பது பெரும்பாடு. இதைவிடக் கடினமான வேலையைக் கோல்ட்பிளேயின் ‘தி சயின்டிஸ்ட்’ காணொளியில் கிறிஸ் மார்ட்டின் செய்தார். கதை பின்னோக்கி ஓட வேண்டும், உதடு மட்டும் முன்னோக்கிப் பாட வேண்டும் என்பதால், பாடலைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டு நடித்தார். 2002இல் வந்தது. இத்தகைய இடங்களை ‘ஸ்லோ மோஷன்’, ‘ரிவர்ஸ்’ என்று தொகுப்பின் கணக்கில் எழுதிவிடுவது தவறு. அவை படப்பிடிப்புக்கு முன்பே தாளில் எழுதப்பட்ட முடிவுகள்.

மெதுவான தனிக்குரல் பாடலைப் பற்றி யாரும் பேசவில்லை. சினேட் ஓ’கானரின் ‘நத்திங் கம்பேர்ஸ் 2 யூ’ பாடலுக்கு ஜான் மேபரி இயக்கிய 1990ஆம் ஆண்டுக் காணொளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பூங்காவில் நடக்கும் காட்சிகள் இடையே வந்து போனாலும், காணொளியின் பெரும்பகுதி இருண்ட பின்னணியில் அவருடைய முகம் மட்டுமே. பாடலின் பிற்பகுதியில் கண்ணீர் வழிகிறது, அது திட்டமிட்டதன்று. கண்ணீர் இறங்கும் அந்த நேரத்தில் பூங்காவுக்கு வெட்டிப் போகக் காட்சிகள் கையில் இருந்தும் தொகுப்பு முகத்திலேயே நின்றது. வேறு காட்சி கைவசம் இருக்கும்போது வெட்டாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதால், உங்கள் ஐந்து காணொளிகளிலும் மிக நீண்ட ஷாட் எது, அது பாடலின் எந்த இடத்தில் வருகிறது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கையும். கட்டுரையை அரங்கில் படக்காட்சிகளோடு வழங்குவதாக இருந்தால், நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் பகுதிகளை முன்னறிவிப்பின்றித் திரையிட வேண்டாம். ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு அது ஆபத்து.

நிழல்வரி

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு நடனப் பாப், மெட்டல் இரண்டிலும் முதல் 40 நொடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிகளைக் குறித்து, ‘அடியைத் தாங்குவது எது’, ‘முன்னா பின்னா’ என்ற இரு பத்திகளைச் சேர்த்துப் பார்த்தேன். மெட்டலில் வெட்டுகள் பெரும்பாலும் ஸ்நேரை ஒட்டியே, ஒரு ஃப்ரேம் முன்னதாக, நிற்கின்றன. நடனத்தில் அடியின் மீது விழுந்த வெட்டு மிகக் குறைவு. கிட்டத்தட்ட எல்லாமே கையோ உடலோ சுழன்றுகொண்டிருக்கும்போது நிகழ்கின்றன. டிரம் குச்சியையும் பார்த்தேன். முனை வரை கூர்மையாகத்தான் தெரிகிறது.

ஆனால் மெட்டல் காணொளியில் ஒரு வெட்டு மட்டும் எதிலும் அடங்க மறுக்கிறது. ஸ்நேரிலும் இல்லை, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மிலும் இல்லை, பாடகரின் சொல் தொடங்கும் இடத்திலும் இல்லை. வைட் ஷாட்டிலிருந்து ஏறத்தாழ அதே அளவுள்ள இன்னொரு வைட் ஷாட்டுக்குப் போகிறது. தாளத்தை வேண்டுமென்றே மீறும் உத்தியாக இதைக் கொள்ளலாமா?

தொகுப்புமேசை

கொள்வதற்கு முன் ஒரு சோதனை. அந்த வெட்டுக்கு முந்தைய கடைசி ஃப்ரேமையும் பிந்தைய முதல் ஃப்ரேமையும் படமாக எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். டிரம்மரின் கை எங்கே இருக்கிறது, பாடகரின் வாய் எந்த எழுத்துக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். முந்தைய ஷாட்டின் இறுதியில் உதடு பாடலை விட்டு இரண்டு மூன்று ஃப்ரேம் விலகத் தொடங்கியிருந்தால், விடை கிடைத்துவிட்டது: அந்த டேக்கில் (ஒருமுறை எடுத்த பதிவில்) பாடகர் பிசகிவிட்டார், தொகுப்பாளர் அடுத்த டேக்குக்கு ஓடித் தப்பித்திருக்கிறார். க்ளோசப் எதுவும் கைவசம் இல்லாததால்தான் அதே அளவு ஷாட்டுக்கே போக நேர்ந்திருக்கும். இப்படி நானும் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன், பிறகு அதற்கு அழகியல் விளக்கம் எழுதப்பட்டதையும் வாசித்திருக்கிறேன்.

உதடு சரியாகவே இருந்தால், அதே போன்ற வெட்டு காணொளியில் வேறு எங்காவது மீண்டும் வருகிறதா என்று தேடுங்கள். மீண்டும் வந்தால் உத்தி என்று எழுதலாம். வராவிட்டால் அட்டவணையில் ‘காரணம் தெரியவில்லை’ என்றே பதிந்துவிட்டு அடுத்த வெட்டுக்குப் போங்கள்.